காலாவதி என்னும் தீர்ப்பு: நீலகிரி இயந்திரங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

தொழில்மய நாகரிகம் முடிந்துபோன பிறகு மனிதர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்கிற கற்பனை, மேற்கத்திய நாவல்களுக்கும் சினிமாவுக்கும் நெடுநாளாகத் தீனி போட்டு வருகிறது. பெரும்பாலும் ஒரே காட்சிதான். எண்ணெய் தீர்ந்துவிட்டது, மின்சாரம் நின்றுவிட்டது, துருப்பிடித்த கார்களுக்கு நடுவே துப்பாக்கியோடு ஓர் ஒற்றை ஆண். இந்தக் கற்பனையில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, தொழில்மயம் உலகம் முழுக்க ஒரே நாளில் முடிவதில்லை. ஊர் ஊராக, ஆலை ஆலையாக, நமக்குத் தெரியாமலேயே முடிந்துகொண்டிருக்கிறது. இரண்டு, மிச்சம் கிடக்கும் இயந்திரத்தை மறுபடி ஓடவைக்கத் தெரிந்த கைகள். துப்பாக்கி வைத்திருக்கும் கதாநாயகனுக்கு ஒரு ஃபிட்டரின் தேவை வருவதே இல்லை.

இயந்திரத்துக்கு இரண்டு விதமான தேய்மானம் உண்டு என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் சொல்கிறார். ஓடி ஓடித் தேய்வது ஒன்று. துருவேறிக் கிடப்பதும் அதில் சேர்த்தி. மற்றது வேறு ரகம். இயந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதைவிட மலிவாகவோ திறமையாகவோ இன்னொன்று சந்தைக்கு வந்துவிட்டால் அதன் மதிப்பு போய்விடும். இதை அவர் தார்மீகத் தேய்மானம் என்ற பொருளில் பேசுகிறார். நாம் 'காலாவதி' என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதாவது, காலாவதி என்பது இரும்பின் குணம் அல்ல. இரும்பின் மேல் சொல்லப்படும் தீர்ப்பு. தீர்ப்பு என்றால் நீதிபதி யார், வாதி யார், யாருக்குத் தண்டனை என்ற கேள்விகள் வந்துதானே ஆகவேண்டும்?

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு நீலகிரியைப் பார்க்கலாம். சுற்றுலாத் துறையின் போஸ்டரில் பனியும் பூவுமாகத் தெரிகிற இந்த மலை, நூற்றைம்பது ஆண்டுகளில் பல தொழில்களின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்த இடம். எதிர்காலம் என்று நாவல்கள் கற்பனை செய்வது இங்கே சில முறை வந்து போயிருக்கிறது.

2

சிங்கோனாவிலிருந்து தொடங்குவோம். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனாவை இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். ஊட்டி தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் கொய்னா வரும். மலேரியாவுக்கு மருந்து இல்லாமல் வெப்பமண்டலத்தில் ஏகாதிபத்தியத்தின் பட்டாளம் நிற்க முடியாது. ஆக, நடுவட்டத்துத் தோட்டம் ஒரு ராணுவத் தேவை. அங்கே வேலை வாங்குவதற்கு மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளையும் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்துவைத்த சிறை நடுவட்டத்தில் இப்போது பார்வையாளர்களுக்கான இடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளோரோகுயின் வந்தது. சோதனைச்சாலையில் செய்கிற மாத்திரை, மலிவு, மரம் வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. கொய்னா காலாவதி என்று தீர்ப்பாயிற்று. சிங்கோனா நிலத்தில் தேயிலை ஏறியது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1950களின் கடைசியிலேயே தென்கிழக்காசியாவிலும் தென்னமெரிக்காவிலும் குளோரோகுயினுக்கு மசியாத மலேரியா தலைகாட்டியது. 1960களில் வியட்நாம் போரின்போது டாக்டர்கள் பழைய கொய்னாவிடமே திரும்பிப் போனார்கள். கடுமையான மலேரியாவுக்கு அது அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உயிர்காத்தது. அதன் இடத்தைப் பிடித்த ஆர்ட்டிமிசினினும் பழசிலிருந்து வந்ததுதான். நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் ஒன்றின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு து யூயூவின் குழு 1970களின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுத்தது; 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் பாடம் 'பழசெல்லாம் நல்லது' என்பதல்ல. அப்படிப் பேசுகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கட்சியும் இருக்கிறது. தீர்ப்புச் சொன்னவர்கள் மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருந்தார்களா என்பதுதான் இங்கே பிரச்சினை. சீனத்தில் யாரோ ஏடு எழுதிவைத்திருந்தார்கள். மரத்தைப் பற்றியும் பட்டை உரிப்பதைப் பற்றியும் உலகத்தில் சில கைகளுக்காவது மறக்காமல் இருந்தது. முற்றாக மறந்துபோயிருந்தால் திரும்பிப்போக இடமிருந்திருக்காது.

3

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899இல் ஓடத் தொடங்கியது. ஊட்டிக்கு 1908இல் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறுக்கு மேலே ஏற்றம் பன்னிரண்டு அடிக்கு ஓரடி. வழுக்கும் இரும்புச் சக்கரத்தால் அதில் ஏற முடியாது. அதனால் தண்டவாளத்தின் நடுவே இரட்டைப் பல்வரிசை. ஒரு வரிசையின் பல்லுக்கு எதிரே மற்ற வரிசையின் இடைவெளி வருகிற மாதிரி பதித்திருக்கும். என்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுவிஸ் எஞ்சினியர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்த 'எக்ஸ்' வகை என்ஜின்கள் 1914 முதல் வந்து இறங்கின. கடைசி வரிசை 1952இல் வந்தது. நான்கு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில் அவை ஒருமுறை உபயோகித்த நீராவியையே மற்ற இரண்டும் வாங்கி, பல்சக்கரத்தைச் சுற்றும். எதையும் வீணாக்காத கணக்கு. என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழே நின்று வண்டியை மேலே தள்ளும்.

சித்தரஞ்சன் ஆலை 1972இல் நீராவி என்ஜின் செய்வதை நிறுத்தியது. 1995 டிசம்பரோடு அகலப் பாதையில் நீராவி முடிந்தது. மீட்டர் பாதைகளை 1992லிருந்தே ஒரே அகலமாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். நாடு முழுக்க நீராவி என்ஜின்கள் எடைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மட்டும் அது நின்றதற்குக் காரணம் பாரம்பரியப் பாசம் அல்ல. அந்த ஏற்றத்துக்குப் பதில் வண்டி கைவசம் இல்லை, அவ்வளவுதான். குன்னூருக்கு மேலே பல்வரிசை தேவைப்படாத இடத்தில் டீசல் வந்துவிட்டது.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? வின்டர்தூரில் அந்தக் கடை எப்போதோ சாத்தியாயிற்று. குன்னூர் ஷெட்டிலும் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் வேலை பார்த்தவர்கள்தான் அதற்கு விடை. தேய்ந்ததைக் கழற்றி, அளவெடுத்து, வார்த்து, கடைந்து மாட்டினார்கள். நிலக்கரியில் ஓடிய என்ஜின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். பிறகு 2011 முதல் எக்ஸ் வகையில் புத்தம்புதிய என்ஜின்களையே பொன்மலையில் கட்டினார்கள். உலகம் நீராவியை அருங்காட்சியகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகு, தமிழ்நாட்டில் ஒரு பட்டறை நீராவி என்ஜினைப் புதிதாகச் செய்தது. இதைவிடப் பெரிய செய்தி நமக்கு என்ன வேண்டும்?

ஆனால் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்தக் கதை எப்படிச் சொல்லப்பட்டது என்று பார்க்கவேண்டும். வெள்ளைக்காரனின் பொறியியல் சாதனை, மலையழகு, 208 வளைவு, 250 பாலம். ஃபிட்டருக்கு அதில் இடமில்லை. ஷாருக்கான் மேலே ஏறி ஆடிய ரயில் என்று ஊர் முழுக்கத் தெரியும். அந்த ரயில் ஓடுவதற்கு யார் கை கறுத்தது என்று தெரியாது.

பொன்மலைப் பணிமனைக்கு நினைவில் வைத்துக்கொள்ளவேண்டிய வேறொரு வரலாறு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேப் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியது 1928இல். ஆட்குறைப்பும் கூடவே வந்தது. திறமைச் சோதனை வைத்துப் பழைய தொழிலாளர்களை உபரி என்று கழித்துக்கட்டும் ஏற்பாடு. அதை எதிர்த்துத்தான் அந்த ஆண்டு ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று அதே பொன்மலையில் துப்பாக்கிச் சூடு. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஆக, இன்றைக்குக் காலாவதியான என்ஜினை உயிரோடு வைத்திருக்கிற பணிமனை, மனிதர்களைக் காலாவதி ஆக்கும் ஒரு முயற்சிக்கு நடுவில்தான் பிறந்தது. பாரம்பரியப் பட்டியலில் இது ஏறாது. நாம்தான் ஏற்றவேண்டும்.

4

அதே மலையில், அதே காலத்தில், இன்னொரு கதை தலைகீழாக நடந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் பதிவாகி, பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், சினிமாவுக்கான பாசிட்டிவ், எக்ஸ்ரே ஃபிலிம். தூசியில்லாத காற்றும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்பதற்காகத்தான் ஊட்டி. ஆலையைச் சுற்றி இந்து நகர் என்றே ஓர் ஊர் எழுந்தது. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில், நம் அப்பா அம்மாவின் நுரையீரல் படங்களில், அந்த ஆலையின் வெள்ளி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஃபிலிம் செய்வது இருட்டில் செய்கிற வேலை. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து மெல்லிய தாளில் பூசுகிற கட்டத்தில் துளி வெளிச்சம் பட்டாலும் மொத்தமும் பாழ். கண்ணை நம்பாமல் கையையும் காதையும் நம்பி வேலை பார்க்கப் பழகவேண்டும். கையேட்டில் பாதிதான் எழுத முடியும். மீதி, பக்கத்தில் நின்று பழகியவரிடமிருந்து வரும்.

ஆலை விழுந்ததற்கு டிஜிட்டல் கேமராதான் காரணம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்காது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடனும் வட்டியும், 1991க்குப் பிறகு இறக்குமதி ஃபிலிமுக்குத் திறந்துவிட்ட கதவும் ஆலையை முதலிலேயே சாய்த்துவிட்டன. 1990களின் நடுவில் அது நலிவுற்ற தொழில்களுக்கான வாரியத்தின் முன் போய் நின்றுவிட்டது. டிஜிட்டல் கேமரா நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. 2003இல் வாரியம் மூடலாம் என்றது. 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் தொகைக்கு ஒப்புதல் கொடுத்தது. தார்மீகத் தேய்மானம் முதலில் கணக்கு ஏட்டில் நடந்தது; தொழில்நுட்பம் பிறகு வந்து அதற்குச் சாட்சி சொன்னது.

உலகில் வேறு இடங்களில் என்ன நடந்தது? இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004இல் திவால் நிலைக்குப் போனபோது, உள்ளே வேலை பார்த்த மேலாளர்கள் சிலர் சேர்ந்து அடுத்த ஆண்டு அதை வாங்கிக் கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தொடர்ந்து செய்தார்கள். போலராய்டு 2008இல் உடனடி ஃபிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையில் பழைய ஊழியர்கள் சிலர் இயந்திரங்களைக் காப்பாற்றி 2010இல் மறுபடி ஃபிலிம் வெளியிட்டார்கள். இரண்டும் தனியார் முதலாளித்துவத்துக்குள் நடந்தவைதான். புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் சிறிய அளவில், சிலருக்கு, அந்தத் தொழில் இன்றும் சோறு போடுகிறது. ஐயாயிரம் பேர்வரை வேலை பார்த்த நம் ஊட்டி ஆலை, மக்கள் பணத்தில் கட்டிய பொதுத்துறை. அங்கே மூடுவதற்கு மட்டும்தான் வழி தெரிந்தது.

தொழிலாளர்களிடம் ஆலையைக் கொடுத்த முன்னுதாரணம் இந்த நாட்டிலேயே உண்டு. பம்பாய் குர்லாவின் காமானி ட்யூப்ஸ் ஆலையை 1988இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர் கூட்டுறவு எடுத்து நடத்தியது. சில ஆண்டுகள் லாபத்திலும் ஓடியது, பிறகு நொடித்தது. நொடித்ததைக் காட்டி, பார்த்தீர்களா என்பவர்கள், முதலாளிகள் நொடித்த ஆலைகளை ஏன் எண்ணுவதில்லை? 1976இல் இங்கிலாந்தின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் ஊழியர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஆயுதத் தளவாடங்கள் செய்துகொண்டிருந்த தங்கள் ஆலைகளில், அதே இயந்திரங்களையும் அதே கைகளையும் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று சுமார் 150 பொருட்களுக்குத் திட்டம் போட்டார்கள்: சிறுநீரக இயந்திரம், வெப்பப் பம்பு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி. நிர்வாகம் அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டது. இந்து நகரிலும் சங்கங்கள் ஆலையை மீட்கச் சொல்லிப் போராடின. பதிலாக வந்து சேர்ந்தது தொகை மட்டும்தான்.

5

காலாவதியான தொழில்நுட்பத்தைக் கொண்டு பிழைப்பது எப்படி என்பதற்குத் தமிழர்களிடம் கற்பனை தேவையில்லை, அனுபவமே இருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை, டார்ச் பேட்டரிக்குக்கூடத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ரேடியோ பேசியது, தமிழோசை கேட்டார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் விளக்காயின. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. யாழ்தேவி ஓடிய பாதையின் தண்டவாளமும் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின.

கார்கள் விஷயம்தான் நம் விவாதத்துக்கு நேராக வருகிறது. அந்த நாட்களில் ஓடியவை பழைய ஆஸ்டினும் மோரிஸ் மைனரும். சில துளி பெட்ரோலில் என்ஜினைக் கிளப்பிச் சூடேற்றிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புதிய வண்டியின் என்ஜின் அழுத்தம் அதிகம். மட்டமான எரிபொருளைத் தாங்காது. பழசின் அழுத்தம் குறைவு. மூடியைத் திறந்து கையால் சரிசெய்யவும் முடியும். திறமையில் தோற்ற வண்டி, பொறுமையில் ஜெயித்தது. பிழைத்திருப்பதற்கு வேண்டியது அதிகத் திறமையுள்ள இயந்திரம் அல்ல. திறந்து பார்க்க முடிகிற இயந்திரம்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு கியூபாவிலும் இதேதான். ஆனால் அங்கே அரசே முன்வந்து, மக்கள் கண்டுபிடித்த ஒட்டுவேலைகளைத் திரட்டி 1992இல் புத்தகமாகப் போட்டது. அதற்கு முன்பே, 1940களிலிருந்து, சோவியத் இளைஞர்கள் மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே ஃபிலிமில் தடைசெய்யப்பட்ட பாட்டுகளைப் பதிந்து விற்றார்கள். விலா எலும்பின் மேல் ஜாஸ் சுழன்றது. நம் ஊர் காயலாங்கடையிலும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமுக்கு விலை உண்டு. அதிலிருந்து வெள்ளி எடுக்கிறார்கள். வெள்ளி திரும்பிவிடுகிறது. அதைப் பூசத் தெரிந்த கை திரும்புவதில்லை.

இதையெல்லாம் ரொமான்டிக்காக்கிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் மருந்து வராமல் செத்தவர்களுக்குச் சைக்கிள் டைனமோ ஒன்றும் செய்யவில்லை. இன்சுலினை ஜாம் போத்தலில் காய்ச்ச முடியாது. 'வறுமையிலும் எத்தனை புத்திசாலித்தனம்' என்று தூரத்திலிருந்து மெச்சுவது, தடை போட்டவனுக்கு வக்காலத்து வாங்குவதில் போய் முடியும். ஒட்டுப்போட்டுப் பிழைக்கும் திறமையைக் கொண்டாடுவதும், ஒட்டுப்போடும் நிலைமைக்குத் தள்ளியவர்களைக் கேள்வி கேட்பதும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

6

மறுபடி நீலகிரிக்கு வருவோம். 1964 அக்டோபரின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. இலங்கைத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாக முதுகில் சுமந்தவர்கள், சுதந்திர இலங்கைக்கு உபரி என்று தீர்ப்பானவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, நம் பேச்சில் 'டான்டீ'யாக ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கங்களில் காடும் புல்வெளியும் தோட்டமாயின. பழங்குடிகளின் மலை இது என்பதை அந்தத் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வந்தவர்களிடம் இருந்த முதல் ஒன்றுதான்: கொழுந்து கிள்ளும் விரல், கவாத்து வெட்டும் கண். ஒரு நாடு வேண்டாம் என்ற திறமையை வைத்து இங்கே ஒரு கழகமே நடந்தது.

2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நஷ்டம், ஆள் பற்றாக்குறை, யானை நடமாட்டம் என்று காரணங்கள். காடு திரும்புவது நல்லதுதான். அதை எதிர்க்க நம்மிடம் வாதம் இல்லை. ஆனால் லயத்து வீடு வேலையோடு கட்டிய வீடு. வேலை போனால் கூரையும் போகும். அறுபது ஆண்டுக்குள் இரண்டாவது முறையாக, அதே குடும்பங்களின் மேல் அதே தீர்ப்பு. தேயிலைச் செடியைப் பிடுங்கிச் சோலை மரம் நடுவதற்கும் மண் தெரிந்த கைதானே வேண்டும்? அந்த வேலைக்கு முதல் உரிமை யாருக்கு? தலைமுறையாக அந்தச் சரிவில் நின்றவர்களுக்கும், அவர்களுக்கு முன்பே அங்கே இருந்த பழங்குடிகளுக்கும் இல்லையா?

ரயில் பிழைத்தது, ஃபிலிம் ஆலை செத்தது, தோட்டத்து மனிதர்கள் நடுவில் நிற்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. ரயில் பிழைத்தது இயந்திரம் உயர்ந்தது என்பதால் இல்லை. பணிமனையைக் கலைக்காமல் வைத்திருந்ததால், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வித்தை போய்க்கொண்டிருந்ததால். ஊட்டியில் கைகளைத்தான் முதலில் கலைத்தார்கள்; அதற்குப் பிறகு அந்த இயந்திரத்துக்கு எடை விலைதான்.

எண்ணெய் தீர்ந்த எதிர்காலத்தைப் பற்றிக் கதை எழுதுபவர்கள் எழுதட்டும். எழுத்தாளர்களும் இயக்கத்தவர்களும் இன்று செய்ய முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. இந்து நகரில் 1967இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. இருட்டறையில் அவர் எதைத் தொட்டு எதைக் கண்டுபிடித்தார், குன்னூர் ஷெட்டில் பல்சக்கரத்தின் தேய்மானத்தை எந்தச் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள், கவாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பார்கள் — இதையெல்லாம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்கவேண்டும். ஓர் ஆலையை மூடுவதற்கு முன் அதன் தொழிலாளர்களிடம் 'உங்களுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்' என்று கேட்பதைச் சட்டமாக்கச் சொல்லிச் சங்கங்கள் போராடவேண்டும். தீர்ப்பை ஒரு நாள் மாற்ற நேர்ந்தால், திரும்பிப் போவதற்கு ஆள் இருக்கவேண்டும்.